சூரியத் தகடும் சனிக்கிழமைப் படமும்

"நீ ஏணியும் கையுமா நின்னத நானே பாத்தேன்யா!" தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செல்லையாவின் டார்ச் வெளிச்சம் சன்னாசியின் மூக்கில் வந்து நின்றது.

"தகட்டுல காக்கா எச்சம், மண்டோரே. தொடைக்கத்தான் ஏறுனேன். ஒயர் பக்கமே போவல லா!"

சன்னாசியின் கூரைமேல் இருப்பது சூரியத் தகடு. ரவாங் பட்டணத்திலிருந்து மருமகன் கொண்டுவந்து மாட்டியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து ஒரு லோரி பேட்டரியை நிரப்பும். மின்சாரம் தரும் தோட்டத்து இஞ்சின் நின்று, எங்கள் வீட்டு வரிசையான லயமே இருண்டாலும், சன்னாசி வாசலில் மட்டும் சின்ன டிவி ஓடும்.

வினை அதில்தான். மூன்று வாரமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் படம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் இஞ்சின் நின்றுவிடுகிறது. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சன்னாசி வாசலுக்கு ஓடிவருகிறோம்.

"ஒயர்ல கோளாறு பண்ணி இஞ்சின நிக்க வைக்கிறது நீ. கூடுற கூட்டத்துக்கு வடை விக்கிறது உன் சம்சாரம். நல்லாருக்குய்யா குடும்பம்!"

அம்சவள்ளி வடைத் தட்டை மெல்ல முந்தானையால் மூடினாள்.

நாங்கள் எப்போதும் நியாயத்தின் பக்கம்தான். ஆனால் திரையில் கதாநாயகி மலையுச்சியில் தொங்கிக்கொண்டிருந்ததால், யாரும் தலையைத் திருப்பவில்லை.

முன்வரிசையில் இஞ்சின் டிரைவர் அப்பளசாமி இருந்தார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில்.

"அப்பளசாமி, இஞ்சினுக்கு என்னய்யா?"

"சூடாயிருச்சு மண்டோரே. ஆறட்டும்." கண் திரையைவிட்டு அசையவில்லை.

"சரி, தகட்ட இப்பவே கழட்டுறேன். பேட்டரியும் ஆபீசுக்குப் போவுது." மண்டோர் ஏணியில் கால் வைத்தார்.

சன்னாசி ஏணியடிக்கு ஓடிவந்தார். "மருமவன் மொதமொதல்ல வாங்கிக் குடுத்தது, மண்டோரே... மாரியாத்தா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

மண்டோர் நான்காவது படிக்கு ஏறிவிட்டார். அப்போதுதான் அப்பளசாமி எழுந்து வந்து ஏணியைப் பிடித்தார்.

"எறங்குங்க மண்டோரே. இஞ்சின நிப்பாட்டுனது நான்தான்."

கதாநாயகியை அப்படியே தொங்கவிட்டுவிட்டு லயமே திரும்பியது.

"நீயா? ஏன்யா?"

"அது ஓடுனா நான் இஞ்சின் கொட்டகைய விட்டு நவுர முடியுமா? பதினோரு வருசமா லயமே படம் பாக்குது, நான் இஞ்சினத்தானே பாக்குறேன்!"