வலிக்காத அறை

"அட, அந்த ரூமுக்கா உக்காந்திருக்கீங்க? அது ரோடு ரோலர் ரூமாச்சேம்மா!"

மார்பகப் படம் எடுக்கும் மேமோகிராம் பிரிவின் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் கேட்ட கேள்வியில், மருத்துவமனைக் கவுன் போட்டிருந்தவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓடவில்லை. கவுனின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டாள்.

"பேசாம நாளைக்கு வாங்க. ஒண்ணாம் ரூம் பூங்கையம்மா இன்னைக்கு லீவாம். நானே நாளைக்கு டோக்கன் போட்டுட்டேன். மூணு வருஷமா அவங்ககிட்டதான். தொட்டதே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்லைன்னுதான் ரிப்போர்ட்டு. கைராசி!"

ஒன்றாம் அறை வாசலில் ரோஜா நிறத் திரை. உள்ளே புல்லாங்குழல் இசை, நிறுத்த ஆளில்லாமல் ஆளில்லாத அறைக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவோரம் சிரித்த முகம், அழுத முகம் என்று இரண்டு பட்டன்கள். சிரித்த முகம் தேய்ந்து வெளுத்துவிட்டது.

வந்தவர்களிடம் சிரித்த முகத்தை அதிகம் வாங்கும் ஊழியருக்கு விருது. பட்டன் திறப்பு விழாவில் மருத்துவமனை இயக்குநர், "இனி இங்கே வலிக்கு வேலையில்லை!" என்று முழங்கினார். மார்பை நசுக்கிப் படமெடுக்கும் அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே அவருடையது எதுவும் மாட்டியதில்லை. சுவரில் விருதுப் படம் தொங்கியது: முப்பத்திரண்டு பல்லும் தெரிய இயக்குநர், பக்கத்தில் பூங்கையம்மா, முகக்கவசத்துக்கு மேலே வெறும் இரண்டு கண்களாக.

இரண்டாம் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

ரோடு ரோலர் என்று பெயரெடுத்தவள் குச்சி மாதிரி இருந்தாள். தட்டின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். இவளுடைய தோளைத் தளர்த்திவிட்டாள். பிறகு, தட்டை இறக்கும் பட்டனை இவள் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே இறக்குங்க. நம்ம கையால இறக்கினா பாதி வலி தெரியாது. ஆனா பாதியில விட்டுடாதீங்க."

கட்டைவிரல் தானாக ஓரிடத்தில் நின்றது. வலி தொடங்குமுன் நிறுத்தி, சிரித்த முகம் வாங்கும் இடம்.

அங்கே நிறுத்திவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து படத்தில் பனிமூட்டம்தான் மிஞ்சும். பனிமூட்டத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

ரோடு ரோலர் அவசரப்படுத்தவில்லை.

இவளே பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அதுதான் முதலில் உறைத்தது.

திரையில் படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்ட அதே இடத்தில், முள் முளைத்த ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்னவென்று இவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சுக்காரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். "நல்லா நசுக்கிட்டாளா? நான்தான் சொன்னேனே!"

இவள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிடி பூ மாதிரி இல்லை.

"இன்னைக்கே, இந்த ரூமுக்கே போங்கம்மா. நாளைக்கு ஒண்ணாம் ரூமுக்கு நான் வரமாட்டேன்."