சோலையப்பனின் ஏரோப்ளேன்

"ஏரோப்ளேன் எறங்குறதுக்கு எதுக்குண்ணே இத்தனை ஆழம்?"

குழந்தைசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். மார்பளவுப் பள்ளத்தில் நின்றதால் தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன.

பினாங்கு சோலையப்பன் குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். "பொம்பளைங்களும் வாராங்கல்லப்பா. ஏணி வச்சா ஏறச் சொல்றே? ப்ளேன் வயிறு பள்ளத்துக்குள்ள எறங்கிடுச்சுன்னா வீட்டுக்குள்ள நொழையிற மாதிரி நொழைஞ்சிடலாம். பெரிய எடத்துப் பிரயாணம்னா சும்மாவா?"

அவன் தலையைச் சொறிந்தான். சரி என்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. பள்ளத்துக்குள் இறங்கியது திரும்ப எப்படி மேலே கிளம்பும்? அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ராஜா போய் சர்க்கார் வந்து நாலு வருஷமாகியும் அன்னவாசலிலிருந்து அவர்கள் ஊருக்கு ரோடு வரவில்லை. ரோடே வராத ஊருக்கு ஏரோப்ளேன் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சொன்னவர் சோலையப்பன். ஊரில் கப்பலேறிப் போய்த் திரும்பியவர் அவர் ஒருவர்தான். முப்பத்தைந்து வருஷம் கழித்து இரண்டு தங்கப் பல்லோடு வந்தவர் பொய் சொல்வாரா?

பினாங்கில் அவருடைய சீன முதலாளிக்குச் சொந்தமாக ஏரோப்ளேன் இருக்கிறதாம். கடல் நடுவே சொந்தமாக ஒரு குட்டித் தீவும் இருக்கிறதாம். ஐப்பசி பத்தாம் தேதி அந்த ஏரோப்ளேன் வந்து பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும்; பத்து நாள் ராஜ உபசாரம்; பிறகு கொண்டுவந்து விட்டுவிடும். இறங்க இடம் மட்டும் ஊரார் தயார் பண்ண வேண்டும். அதிகமாக மண் சுமக்கிற பன்னிரண்டு பேருக்கு சீட்டு.

சித்திரையில் மேற்குப் பொட்டலில் ஆரம்பித்த வேலை, ஆவணி முடிந்தும் ஓயவில்லை.

"மண்ணைக் கெழக்கால ஒரே வரிசையாக் கொட்டி மிதிங்கப்பா!" என்று சோலையப்பன் கத்துவார்.

"அது எதுக்குங்க?" என்றான் வீரய்யா.

"ப்ளேன் பாக்க நாப்பது ஊரு சனம் வரும். ஏறி நின்னு பாக்க மேடு வேணாமா? கெட்டியா மிதிங்க. சரிஞ்சு ஒருத்தன் கால் ஒடிஞ்சாலும் எனக்குத்தான் கெட்ட பேரு."

மத்தியானம் கூழ் குடிக்கும்போது பேச்செல்லாம் பயணத்தைப் பற்றித்தான். வீரய்யாவுக்கு ஜன்னலோர சீட்டு வேண்டும். "கூட நூறு கூடை சுமந்தாத் தாரேன்" என்றார் சோலையப்பன். உட்கார வெல்வெட்டு சோபா, குடிக்க ஐஸ் போட்ட கலர், தீவில் ஆளுக்கொரு கட்டில் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அங்க வெறகு கெடைக்குமாங்க?" என்று கேட்டாள் குழந்தைசாமியின் மனைவி செவந்தி.

"ஒனக்கெதுக்கும்மா வெறகு? சமைக்க ஆளு, பரிமாற ஆளு, எலை எடுக்கவும் ஆளு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"சும்மா ஒக்காந்திரு."

செவந்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா உட்காருவது எப்படி என்பதே அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் குழந்தைசாமி மனசுக்குள் முடிவு கட்டினான். எப்பாடு பட்டாவது இவளுக்கு அந்தப் பத்து நாளை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்காகத்தான் அவன் இந்த ஆடியில் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போகவில்லை. சொந்த வயல் காய்ந்து கிடக்க, வருஷா வருஷம் அங்கே போய் நெல் கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும். இப்போது வீட்டில் கம்புப் பானை அடி தட்டிவிட்டது.

"ஏரோப்ளேன் வராமப் போச்சுன்னா என்னங்க செய்யிறது?" என்று அன்று வீடு திரும்பும்போது செவந்தி கேட்டாள்.

"வரும்" என்றான். அவனுக்கே அது பாதிதான் நம்பிக்கையாக இருந்தது.

ஐப்பசி ஏழாம் தேதி பிடித்த மழை ஒன்பதாம் தேதி காலையில்தான் விட்டது. குழந்தைசாமி பொட்டலுக்கு ஓடினான். மண்மேட்டில் ஏறிப் பார்த்தான். பள்ளமெல்லாம் தண்ணீர். ஒரு ஆள் முழுகுகிற ஆழத்துக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். ஆறு மாத உழைப்பும் செவந்தியின் பத்து நாளும் அதற்குள்ளே கிடந்தன. அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

மேட்டின் மறுகோடியில் சோலையப்பன் நனைந்துபோய் நின்றிருந்தார். தங்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எல்லாம் போச்சே! நாளைக்கு ப்ளேன் வந்தா எங்கிட்டு எறங்கும்?"

"எந்த வயலுக்கு நடவுக்குப் போவே இந்த வருஷம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தஞ்சாவூரு நடவுதான் அப்பவே முடிஞ்சிருச்சேண்ணே..."

"இனிமே எதுக்குடா தஞ்சாவூரு? நம்ம வயலுக்கே தண்ணி இருக்கு. முன்னால தண்ணி நின்ன இந்த எடம் மண்ணு மூடித் தூந்து போயி, வெளச்சல் இல்லாமத்தான் எங்கப்பன் என்னைப் பதினோரு வயசுல கப்பலேத்தி விட்டாரு. அது தெரிஞ்ச பெருசுங்க நாலு பேருகிட்ட, வாயைத் தொறக்காதீங்கன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டேன். மண்ணு வெட்ட வாங்கன்னு சும்மா கூப்பிட்டிருந்தா நீ ஒருத்தனாவது வந்திருப்பியா?"

குழந்தைசாமி தண்ணீரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அப்ப... ஏரோப்ளேனு?"

சோலையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கண்மாய்க்குள்ள எந்தக் கிறுக்கன்டா ஏரோப்ளேனை எறக்குவான்?"