பல்லுக்கு ஆவாத பிரஷ்

தேய்ந்துபோன பல் பிரஷ் எதையும் புஷ்பவள்ளி தூக்கிப் போடமாட்டாள். தையல் மிஷினுக்கு ஒன்று, சீப்பில் அழுக்கெடுக்க ஒன்று என்று எல்லாம் பவுடர் டப்பாவில் நிற்கும். அன்று காலை அதில் ஒன்றால்தான் கணவன் உத்திராபதியின் தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தாள்.

ஸ்டவ் துடைக்க ஒரு பிரஷ் கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டு ராமாமிர்தம்.

“பழசு எதையும் வுட மாட்டீங்களாக்கா?”

“பல்லுக்குத்தான ஆவாது? வேற வேலைக்கு ஆவும்.”

“அண்ணன் எங்க கெளம்புறாரு?”

“சிதம்பரத்துக்கு. பொண்ணு பாக்க.”

“ஒங்க கொழுந்தனுக்கா? அண்ணிக்காரி நீங்க போவலியா?”

“நான் எதுக்கு? அத்தை போறாங்க.”

காதோரம் விட்டுப்போன நரையைத் தேடினாள் புஷ்பவள்ளி.

ராமாமிர்தம் போனபின், உத்திராபதி குளித்துச் சலவை வேட்டி கட்டிவந்தான். அவன் செருப்பை இன்னொரு பிரஷ்ஷால் துடைத்து வைத்தாள்.

“ரயிலுக்கு நேரமாச்சு மாமா. அத்தை வாசல்ல நிக்கிறாங்க.”

அவன் நகரவில்லை.

“பொண்ணு வூட்ல கேட்டா, நீ மனசார ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்க.”

“ஒரு புள்ள பொறந்தா அது ஒனக்கும் புள்ளதான? அவ வந்தாலும் நீ எங்கயும் போவ வேணாம் புஷ்பா. சமையல், வூட்டு வேலையெல்லாம் நீதான் பாத்துக்கணும்.”

அவன் போனதும், சாயம் ஒட்டிய பிரஷ்ஷை வெகுநேரம் கழுவினாள். பிறகு அதை டப்பாவில் பழசோடு பழசாக நிறுத்தினாள்.