டிகோஸ்டாவின் கடைசித் தட்டு

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேகாவுக்கு இரண்டு நாள் முன்பு, காஜா பேராங் ஊரில் ருக்மணி வீட்டுக் கதவைத் தம்பிராஜா படபடவென்று தட்டினார்.

"ஜப்பான்காரன் பிடிக்க வந்தப்போ பியானோக்காரர் டிகோஸ்டா பதிவு செஞ்சிட்டிருந்த இசைத்தட்டு உங்ககிட்ட இருக்காமே? மத்ததெல்லாம் சேர்த்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி."

"பதின்மூணு வருஷமா தேடுறீங்களாமே அண்ணே. அவர் வாசிப்புன்னா அவ்வளவு பிரியமா?"

"உயிரும்மா."

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் தரையில் அடித்து நொறுக்கினார்.

ருக்மணி உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள். "அது வேற தட்டுண்ணே. வாசல்ல உங்க குரலைக் கேட்டதுமே மாத்திட்டேன்."

கிராமபோனில் ஊசியை வைத்தாள். பியானோ பாதியில் நின்றது. பூட்ஸ் சத்தம். அதன் பின்னால், அதிகாரியிடம் பணிந்து பேசும் தம்பிராஜாவின் குரல் தெளிவாகக் கேட்டது:

"இவர்தான், துவான். திருட்டுத்தனமா ரேடியோ கேக்கிறவர்."