பேட்டரிக்கு ஸ்கேன்

"டாக்டர், அந்த பேட்டரி செத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓய்வு பெற்ற தபால்காரர் கடை மேசைமேல் சாய்ந்துகொண்டு கெஞ்சினார்.

டாக்டர் என்பது பேட்டரி மெக்கானிக்கின் பட்டப்பெயர். பேட்டரிக்கு ஸ்கேன் எடுப்பவர். ஆஸ்பத்திரி ஸ்கேனில் தடவுவது போல இரண்டு பக்கமும் பசை தடவி, ஒரு பக்கம் சத்தத்தை அனுப்பி மறுபக்கம் வாங்குவார். எந்த மனிதக் காதுக்கும் கேட்காத சத்தம். பேட்டரி நன்றாக இருந்தால் திரையில் அலை நிமிர்ந்து நிற்கும். உள்ளே கெட்டிருந்தால் படுத்துவிடும். அலை தெரியும்வரை பேட்டரிக்காரர்கள் சிலர் பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல நகம் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

தபால்காரர் மாட்டியிருக்கும் காது மெஷினின் பேட்டரியை அவர் மனைவி இன்று கழற்றி இங்கே கொண்டுவரப் போகிறாராம்.

"நல்லா இருக்குன்னு தெரிஞ்சா?"

"மாட்டிக்குவேன்."

டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. கட்டினவள் பேச்சைக் கேட்காமலிருக்க இப்படியும் ஒரு வழியா? தன் மெஷின் பொய் சொல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா வந்தார், கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியை மேசைமேல் வைத்தார்.

"இதைப் பாருங்க தம்பி. என்ன சொன்னாலும் பேட்டரி போச்சு, காதுல விழல, திரும்பச் சொல்லுங்கறார். பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டை அவர் நாயே தூக்கிட்டு ஓடின கதையை நேத்து மட்டும் ஆறு தடவை சொல்ல வெச்சார். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி சிரிப்பு வேற."

டாக்டர் பசை தடவினார். அலை விறைப்பாக எழுந்து நின்றது.

"புதுசு மாதிரி இருக்கும்மா."

அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டத் தொடங்கினார். காலில் இருந்தது செருப்பு.

அவர்கள் போனதும், உண்மையைச் சொன்ன திருப்தியில் டாக்டர் ஒரு டீ சொன்னார். டீ வருவதற்குள் கதவு திறந்தது.

அதே அம்மா. அதே கைக்குட்டை முடிச்சு.

"பேட்டரிக்கு ஸ்கேன் எடுக்கறது நீங்கதானே தம்பி? இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றேன். இதைப் பாருங்க. என்ன சொன்னாலும்..."

அதே நாய். அதே பல்செட்.

பாதியில் அம்மாவின் பேச்சு நின்றது. பேட்டரியில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"இதை நான் உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேனா? கொஞ்ச நாளா எனக்கு இப்படி ஆகுதோன்னு பயமா இருக்கு தம்பி. இவரைக் கேட்டா, நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை, இப்பச் சொல்லுங்கறார்."

மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார் தபால்காரர். காதில் பேட்டரி இல்லாததால் டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பசையைத் துடைத்தார்.

"இந்தக் கடையில எதைத் தொட்டாலும் பசைதாம்மா. நீங்க இப்பச் சொன்னதுகூட மெஷின் போடற சத்தத்துல எனக்குக் காதுல விழல. நாயிலேர்ந்து திரும்பச் சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் தெளிந்தது. சொன்னார். டாக்டர் புதிதாகக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார். அலை முன்பு போலவே விறைப்பாக எழுந்தது. மெதுவாகத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"செத்துப் போச்சும்மா. பாவம், சாருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது."