இருபதாவது அம்பு

மூக்குக்கண்ணாடி தொலைந்துவிடக் கூடாது என்று அதை நாற்காலியில் பத்திரமாக வைத்தான் நிதுப். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

பாலம் கட்டுகிற இன்ஜினியர் அவன். எது எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

மணி மூன்று. மூன்று மணிக்கு வில்லை எடுக்காவிட்டால் அவனுக்கு அன்றைய சோறு இறங்காது. கண்ணாடி போனால் என்ன, கை இருக்கிறதே.

ஆற்றங்கரையில் நின்று நாணை இழுத்தான். நூற்று நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி, எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரிந்தது. அந்தக் கலங்கலுக்குள் எங்கேயோ ஒரு சாண் அகலப் பலகை. அதன் பக்கத்தில் பாலத்து வேலையாட்கள் ஆறு பேர்.

விட்டான்.

யாரும் ஆடவில்லை.

பட்டால் பலகைப் பக்கம் நிற்கிறவர்கள் கைகோத்து ஆடிப் பாடுவார்கள். படாவிட்டால் விட்டவனின் பரம்பரையையே இழுத்து வைவார்கள். ஆபீசர் என்பதால் இங்கே வசவு கிடையாது. "கொஞ்சூண்டு தள்ளிப்போச்சு சார்!" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தக் குரலும் வரவில்லை.

இரண்டாவது அம்பை அப்படியே போட்டுவிட்டு நடந்தான்.

இந்த இடத்துக்காக அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பாரோ பள்ளத்தாக்கின் வயல்வெளியில் பிறந்தவனுக்குச் சமதளம் என்பது காற்று மாதிரி. மலைச்சரிவு மாவட்டமான ஷெம்காங்குக்கு மாற்றலாகி வந்த பிறகுதான், மாடுகள்கூடச் சரிந்து நின்று மேய்கிற ஊர் உண்டு என்று தெரிந்தது. பள்ளி மைதானம் எண்பது மீட்டரில் முடிந்து, அதற்கப்பால் ஆகாயம் ஆரம்பித்தது. ஹெலிகாப்டர் இறங்கும் திடல் அதைவிடக் குட்டை. ஒருநாள் ரோட்டிலேயே நின்று எய்து பார்த்தான். அம்பு லாரியிலிருந்த முள்ளங்கி மூட்டையில் குத்தி, அவனிடம் சொல்லாமல் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் இந்த ஆற்றோரத் துண்டு. அதற்குப் பின்னால் யாங்சோம் அக்காவின் மிளகாய்த் தோட்டம். கல் பொறுக்கிச் சமன் செய்து கொடுத்தது அந்த ஆறு பேர்தான். அந்த நன்றிக்கு, பலகையில் பட்டால் அன்றைக்கு அத்தோடு வேலை முடிந்தது என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

மூன்று மாதத்தில் பத்தொன்பது முறை பட்டிருந்தது.

அம்பை ஓடிவந்து கையில் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சொந்த ஊர் வில் அணித் தலைவருக்குப் போனில் சொன்னபோது, "பத்தொம்பதா? நம்ம நிதுப்பா? அந்த ஊர்த் தண்ணி அப்படி என்னய்யா தண்ணி?" என்றார். புத்தாண்டுப் போட்டியில் அவன் பெயரைச் சேர்த்தும் விட்டார். நாளைக் காலை பஸ்.

அந்தப் பெருமையைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. சொந்த ஊரில் அவன் வில்லெடுத்தால் மச்சானே மரத்துக்குப் பின்னால் போய்விடுவான். இவர்களோ பலகையை ஒட்டி, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நிற்பார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் யார் நெஞ்சில் இறங்கியதோ.

பாதி தூரம் நடந்தான். மீதியை ஓடினான்.

தலைகளை எண்ணினான். ஐந்து. ஆறாவதாக, மேஸ்திரி ரப்தென் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முகவாயெல்லாம் சிவப்பு.

"ஐயோ, எங்கய்யா பட்டுச்சு? ரத்தம்!"

"வெத்தலை சார். பாதி முழுங்கிட்டேன்."

நிதுப் அப்பாடா என்று சாய்ந்தான். பலகையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையில் ஏதோ இடித்தது. அம்பு. பலகையின் நட்டநடுவில்.

"அடப் பாவிங்களா, பட்டிருக்கே! அப்புறம் ஏன்யா யாரும் ஆடல?"

ஆறு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

"தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்குல்ல சார்?" என்றான் ஒருவன்.

பழைய பத்தொன்பது ஓட்டைகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று நிதுப் பலகையைத் தடவினான். மேலே வழவழவென்றிருந்தது. கீழேயும் வழவழ. மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து பார்த்தான். தச்சர் அடித்த வர்ணம், அடித்த மாதிரியே இருந்தது.

முதுகில் கூடையோடு வேலியருகே நின்றிருந்தாள் யாங்சோம் அக்கா. அவளிடம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. அப்ப அந்தப் பத்தொம்பது?"

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவனை 'சார்' போடாமல் யாரும் கூப்பிட்டதில்லை.

"அதெல்லாம் என் மொளகாச் செடியில தம்பி. பலகையில பட்டது இதுதான் மொதல். இருக்கறதுலயே பத்திரமான எடம்னு நெனச்சுத்தான் அவனுங்க அங்க போய் நின்னானுங்க, பாவம்."