ஐந்து அடுக்கு

அவன் மறுபடியும் எண்ணினான்.

ஐந்துதான்.

போருக்குக் கிளம்பியபோது அவன் வீட்டுக் கூரை மூன்று அடுக்கு. பர்மாவின் ஆவா நகரத்தில் மந்திரியானாலும் படைத்தலைவனானாலும் அவ்வளவுதான் அனுமதி. ஐந்து அடுக்கு ராஜ ரத்தத்துக்கு மட்டும்.

எட்டு மாதம் அவன் ஊரில் இல்லை. வெற்றிச் செய்தி வந்த சந்தோஷத்தில் மனைவி சோ நியேன் தச்சர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். புதுத் தேக்கு வெயிலில் பளபளவென்று தெருக்கோடி வரைக்கும் தெரிந்தது.



போன வருஷம் ஒரு மந்திரி வாசல் தூணுக்குத் தங்கம் பூசினான். சும்மா ஒரு ஆசை, வேறொன்றுமில்லை. வாரம் முடிவதற்குள் அதே வாசலில் அவன் தலை உருண்டது.

இவன் யானையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் அங்குசம். பின்னால் அம்பாரியில் அரசன். ஜெயித்து வந்தவனுக்கு அரசனின் யானையை ஓட்டும் மரியாதை கிடைத்திருந்தது.

பெரிய மரியாதைதான். ஆனால் திரும்பிப் பார்க்க முடியாது. அரசனின் கண் எந்தப் பக்கம் போகிறதென்று முதுகுக்கா தெரியும்?

யானையைக் கொஞ்சம் விரட்டிப் பார்த்தான். அது கூட்டத்தையும் பூமாரியையும் வேடிக்கை பார்த்தபடி ஆற அமர நடந்தது. அதற்கென்ன.

"அந்த அஞ்சடுக்கு யாரோடது?"

அரசனின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

வாசலில் சோ நியேன் நின்றிருந்தாள். தலையில் பூ, இடுப்பில் சின்ன மகள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"புத்த விகாரை, மகாராஜா" என்றான் உரக்க. "ஜெயிச்சா வீட்டைப் பிக்குகளுக்குக் குடுக்கறதா வேண்டிக்கிட்டேன். குடுத்தாச்சு."

விகாரைக்கு எத்தனை அடுக்கும் வைக்கலாம்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. ஒரே மூச்சில் வீடு போயிற்று. போகட்டும். தலை தப்பியது.

சோ நியேனின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவுக்கு வந்தாள். வீட்டைப் பார்த்து மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

கெட்டிக்காரி. அவனுக்கு மூச்சு வந்தது.

பின்னால் அரசன் மெல்லச் சிரித்தான்.

"பெரிய புண்ணியம். அப்ப உன் பெண்டாட்டியும் குழந்தையும் இனிமே எங்க படுப்பாங்க?"

அரசனே பதிலும் சொன்னான்.

"அரண்மனையில இருக்கட்டும், ராணியோட. அடுத்த மாசம் நீ படையோட தெற்கே கிளம்பறே. திரும்பி வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

ராணியின் பராமரிப்பில் ஏற்கெனவே இரண்டு தளபதிகளின் குடும்பங்கள் இருந்தன. அந்த இரண்டு தளபதிகளும் அரசன் சொன்ன பேச்சைத் தட்டியதே இல்லை.

அவன் யானையின் மத்தகத்தில் நெற்றி படக் குனிந்து நன்றி சொன்னான்.

கீழே, அரசன் சொன்னது எதுவும் காதில் விழாத சோ நியேன் எழுந்து, மகளை உயரத் தூக்கி அவனுக்குக் காட்டினாள்.